அனுமதியின் பேரில்

தென்காசியில் கோர்ட்டுக்கு எதிர் வரிசையில் நான் டைப் அடிக்கிற கடை வைத்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. முதலில் மிஷின், இப்போது கம்ப்யூட்டர். பிராது, பதிலுரை, வாபஸ் மனு எல்லாம் என் விரல் வழியாகத்தான் கோர்ட்டுக்குள் போகும். வக்கீல்கள் சொல்லச் சொல்ல அடித்து, நானே பாதி வக்கீல் ஆகிவிட்டேன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்புதான் ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால் கூச்சப்பட்டு விட்டுவிடுவேன்.

போன வருஷம் ஆனி மாசம், ஒரு திங்கட்கிழமை. சாரல் இன்னும் பிடிக்கவில்லை. காற்று மட்டும் ரோட்டுப் புழுதியை அள்ளிக் கடைக்குள் போட்டுக்கொண்டிருந்தது. இசக்கிமணியும் அவன் பெண்டாட்டி ஆனந்தவள்ளியும் வந்தார்கள். இசக்கிமணி ஐந்தருவிப் பக்கம் வேன் ஓட்டுகிறவன். ஆனந்தவள்ளி சமையல்காரி. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற கூட்டம் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டால் நூறு பேரோ நூற்றைம்பது பேரோ, வீட்டில் வைத்தே சமைத்து, அண்டாவோடு வேனில் ஏற்றி, அவர்கள் தங்கியிருக்கிற இடத்திலேயே கொண்டுபோய் இறக்குவார்கள். என் மகள் கல்யாணத்தில் மறுவீட்டுச் சாப்பாடு அவள் கைப்பாகம்தான். இன்றைக்கும் சம்பந்தி வீட்டில் அந்தப் புளிக்குழம்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"அண்ணே, இது என்னன்னு வாசிச்சுச் சொல்லுங்க. வேன் நிறுத்துனதுக்குக் காசு கேட்டு கோர்ட்டுல போட்டிருக்காகளாம்" என்றாள்.

சம்மனும் பிராது நகலும். வாதி ஒரு கம்பெனி. ஐந்தருவி ரோட்டில் செல்லப்பா அண்ணாச்சியின் மாந்தோப்பை வாங்கி, மரங்களை வெட்டி, தரையை நிரவி, வாகன நிறுத்தம் ஆக்கியவர்கள். இசக்கிமணியின் வேன் முந்நூற்றுப் பன்னிரண்டு நாட்கள் தங்கள் இடத்தில் நின்றிருக்கிறது, எல்லாம் கேமராவில் இருக்கிறது, கட்டணமும் வட்டியும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் தரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"அங்கன ஏம்லே கொண்டு நிறுத்துத?" என்றேன்.

"எங்க வீட்டு வாசல்ல நிறுத்துதேன் அண்ணே. வேற எங்கன நிறுத்த?" என்றான் இசக்கிமணி.

அவன் வீடு எனக்குத் தெரியும். தோப்பின் கோடியில், ஓடையை ஒட்டி மூன்று சென்ட். அவன் அப்பா வேறொருவரிடம் வாங்கிய இடம். பத்திரப்படி அதற்கு வழி ஓடைக்கரை ஒற்றையடிப் பாதைதான். ஆள் போகலாம், வண்டி போகாது. மலையில் மழை கனத்துவிட்டால் ஆளும் போக முடியாது. ஆனால் அந்த வீடு கட்டின நாளிலிருந்து தோப்பின் வடக்கு ஓரமாக ஒரு வண்டி போகிற அகலத்தில் தடம் உண்டு. வீட்டுக்குச் செங்கல் வந்தது அந்தத் தடத்தில்தான், அவன் அப்பாவின் பிணம் போனதும் அதில்தான். முப்பத்தாறு வருஷமாக எல்லாம் அதில்தான், எழுத்தில் மட்டும் எங்கேயும் இல்லை. அது போனால் வேன் வீட்டுக்கு வராது. வேன் இல்லாமல் அண்டாவை எவன் சுமப்பான்? அந்தக் குடும்பத்தின் பிழைப்பே அந்தத் தடத்தில்தான் கிடந்தது.

"அது வண்டி நிறுத்துத எடமில்ல அண்ணே. பாதை. எங்க பாதை. அதச் சொல்லி எழுதுங்க" என்றாள் ஆனந்தவள்ளி.

"நம்ம பாதன்னு அப்படி வெடுக்குன்னு சொல்லப்படாதுட்டி. செல்லப்பா அண்ணாச்சி விட்டாக, நாம போயிட்டு வாறோம்" என்றான் இசக்கிமணி.

"விட்டாகளா? ஒங்க அப்பா காலத்துல இருந்து போய் வாறோம். இதுல விடுததுக்கு என்னங்க இருக்கு?"

"வருசா வருசம் போயி ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான வாறோம்? அத மறந்துட்டுப் பேசுதியே."

அதுவும் உண்மை. சீசன் தொடங்குமுன் ஒரு நாள் இசக்கிமணி குளித்து வேட்டி கட்டி, ஒரு குலை நேந்திரனும் வெற்றிலை பாக்கும் ஒரு தூக்குவாளி பாயசமும் எடுத்துக்கொண்டு செல்லப்பா வீட்டுக்குப் போவான். "இந்த வருசமும் வண்டி போய்வர அண்ணாச்சி உத்தரவு வேணும்" என்பான். அவர், "போலே, இதுக்கு ஒரு கேள்வியா" என்பார். பிறகு பாயசம் குடிப்பார். எங்கள் பக்கத்தில் இது ஒரு மரியாதை. பங்குக் கிணறாகவே இருக்கட்டும், பக்கத்துப் பங்காளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மோட்டார் போடுவோம். பொதுக் களமாகவே இருக்கட்டும், பெரியவர் ஒருவரைக் கேட்டுவிட்டுத்தான் நெல்லைக் கொட்டுவோம். கேட்காமல் செய்கிறவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்பார்கள். இசக்கிமணி நல்ல வளர்ப்பு.

சாயங்காலம் அவர்களை வக்கீல் விஜயசங்கரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனுஷர், நேர்மையானவர். ஆனால் நாற்பது கேஸ் கட்டு மேஜையில், நாற்பது தலையில். பிராதை நின்றபடியே வாசித்தார்.

"ரெண்டு வழி இருக்கு. இது எங்க பாத்தியதைன்னு நின்னோம்னா அது பெரிய வழக்கு. கோர்ட்டு கமிஷனர் போட்டு எடத்த அளக்கணும், சாட்சி வேணும், பத்து வருஷம் இழுப்பான். காசு கேக்கான், காசு குடுக்க வேண்டியதில்லன்னு மட்டும் சொன்னோம்னா இதுலயே முடிஞ்சிரும்" என்றார்.

"பாதன்னு சொல்லணும் சார். ரூவாய விட அதுதான் எங்களுக்கு முக்கியம்" என்றாள் ஆனந்தவள்ளி.

"பாதைய இப்ப யாரும்மா கேட்டா? கேக்கும்போது பாத்துக்கிடலாம்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என் வாயில் மண்ணைப் போட்டிருக்கலாம். "சார், பழைய ஓனர் செல்லப்பா உயிரோட சுரண்டையில மக வீட்டுல இருக்காரு. அவர் அனுமதியின் பேரில்தான் வண்டி போகுதுன்னு போட்டுருவோம். அவரையே சாட்சியாவும் கூப்பிடுவோம். வாங்குனவன் அந்த ஏற்பாட்டத் தெரிஞ்சேதான வாங்குனான்? ஒரே வாய்தால கேஸ் படுத்துரும்."

விஜயசங்கர் யோசித்தார். அடுத்த கட்சிக்காரர் வாசலில் செருமினார். "சரி, அப்படியே அடிச்சிட்டு வாங்க" என்றார்.

அன்றைக்கே அடித்தேன். *இப்பிரதிவாதி, தாவா சொத்தின் முந்தைய உரிமையாளரான செல்லப்பா என்பவரின் அனுமதியின் பேரில் மட்டுமே தனது வாகனத்தைச் செலுத்தியும் நிறுத்தியும் வந்துள்ளார்.* அந்த 'மட்டுமே' கூட என் கைச்சரக்கு. வாக்கியத்துக்கு ஒரு அழுத்தம் வேண்டுமே என்று சேர்த்தேன். வாசித்துக் காட்டினபோது இசக்கிமணி முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டான். ஆனந்தவள்ளி, "இதுல பாதன்னு ஒரு எடத்துலயும் வரலியே அண்ணே" என்றாள். எல்லாம் அதற்குள் அடக்கம் என்றேன். பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

பதிலுரை தாக்கலான அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்து, ரோடெல்லாம் தலையில் எண்ணெய் வழியக் கூட்டம். ரம்புட்டான் விற்கிறவர்கள் போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். தோப்பு இருந்த இடத்தில் வெறும் செம்மண். கார்கள் வரிசையாக நின்றன. நிழல் என்று ஒரு கை அகலம் கிடையாது. கோடியில், இசக்கிமணி வீட்டு வாசலுக்கு நேரே ஒரு இரும்புக் கம்பம் நட்டிருந்தார்கள். அதன் உச்சியில் கேமரா. மற்ற கேமராவெல்லாம் கார்களைப் பார்த்துக்கொண்டிருக்க, இது மட்டும் அவர்கள் அடுப்படியைப் பார்த்தது.

ஆனந்தவள்ளி கொட்டகையில் மூன்று அடுப்பு மூட்டி நின்றாள். சாம்பார் சாதத்தை ஆளுயரத் துடுப்பால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தாள். தோள்பட்டையில் சட்டை வேர்த்து ஒட்டியிருந்தது. அடி பிடிக்காமல் இருக்க நின்ற இடத்தைவிட்டு நகரக்கூடாது. நகராமலே பேசினாள்.

"முந்தாநாள் ஒரு லாரி கல்லுக்கால் இறக்கிட்டுப் போயிருக்காக அண்ணே. அந்தா பாருங்க, வடக்கு ஓரமா."

பார்த்தேன். கல்தூண்கள் அடுக்கிக் கிடந்தன. பாதைக்குக் குறுக்கே இல்லை, பாதையை ஒட்டித்தான்.

"வேலி போடப் போறானோ என்னமோ. அவன் எடத்துக்கு அவன் போடுதான்" என்றேன்.

"கேட்டேன். கேஸ் முடியட்டும்னு மேனேஜர் சொன்னாரு. கேஸ் காசுக்குத்தான? அதுக்கும் கல்லுக்காலுக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?"

சாதம் மணத்தது. தட்டில் வைத்து மேலே நெய் விட்டுத் தந்தாள். நான் சாப்பிட உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் கம்பெனி மேனேஜர் விஸ்வநாதன் நடந்து வந்தார். மதுரைப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும், அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"சார்தானே டைப் கடை? பதிலுரை நகல் எங்களுக்கு வந்துச்சு. ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. நன்றி சார்."

நன்றியா? முப்பத்திரண்டு வருஷத்தில் எதிர்க்கட்சிக்காரன் எவனும் எனக்கு நன்றி சொன்னதில்லை. ஆனால் மனுஷனுக்குப் புகழ்ச்சி வந்தால் புத்தி அந்தப்பக்கம் போய்விடுகிறதே, எனக்கும் போய்விட்டது. "கடமை சார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"கேஸ்ல எங்களுக்கு அவசரமே இல்லை. ஆனா தாமதமும் பண்ண மாட்டோம்" என்றார். இசக்கிமணியைப் பார்த்துச் சிரித்தார். இசக்கிமணி துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கு வெள்ளைச் சட்டையைக் கண்டாலே துண்டு கைக்கு வந்துவிடும்.

சொன்னபடிதான் நடந்தார்கள். கேஸ் போட்டவன் நாலு வாய்தா வாங்குவான், வக்கீலுக்குக் காய்ச்சல் என்பான், கட்டைக் காணோம் என்பான். இவர்கள் ஒரு வாய்தாகூடக் கேட்கவில்லை. விஸ்வநாதன் ஒவ்வொரு தேதிக்கும் பத்து மணிக்கே வந்து வராந்தாவில் நிற்பார். இசக்கிமணிக்கு டீ வாங்கிக் கொடுப்பார். கல்தூண்கள் மட்டும் ஒவ்வொரு மாசமும் கூடிக்கொண்டே இருக்கின்றன என்று ஆனந்தவள்ளி போனில் சொல்வாள். ஐப்பசி மழையில் ஓடைக்கரைப் பாதை இடுப்பளவு முழுகி, ஒன்பது நாள் வேன் தடத்தில்தான் ஆள்களும் போய்வந்தார்கள். அந்த ஒன்பது நாளையும் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

மாசி மாசம் சாட்சி விசாரணை. கூண்டில் ஏறினதும் இசக்கிமணி நீதிபதியைக் கும்பிட்டான், பெஞ்சு கிளார்க்கைக் கும்பிட்டான், எதிர்க்கட்சி வக்கீலையும் கும்பிட்டான். அந்த வக்கீல் குரலே உயர்த்தவில்லை.

"ஒவ்வொரு வருஷமும் செல்லப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் அந்த இடத்துல வண்டி ஓட்டினீங்க?"

"ஆமாய்யா. கேக்காம எப்படி ஓட்ட? மரியாத இருக்குல்லா."

"ஒரு வருஷம்கூடக் கேட்காம ஓட்டினதில்லை?"

"ஒரு வருசம்கூட இல்லய்யா. எங்க அப்பா செத்த வருசம்கூட, பதினாறு கழிஞ்ச மறுநாள் போயிக் கேட்டேன்."

பெருமையாகச் சொன்னான். வராந்தாவில் நின்ற ஆனந்தவள்ளி சேலை முந்தியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அடுத்து செல்லப்பா. எழுபத்தெட்டு வயது. சுரண்டையிலிருந்து இசக்கிமணிதான் வேனில் கூட்டிவந்திருந்தான். மகன் மணிகண்டபிரபு சென்னையில் போலீஸ் உத்தியோகம். அப்பாவிடம் நாலு கையெழுத்து வாங்கித் தோப்பை விற்றவன் அவன்தான். அந்த ஆத்திரம் கிழவருக்கு இருந்தது. எப்படியாவது இசக்கிமணியைக் காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் வந்தார். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

"நான்தான் விட்டேன். அவன்கிட்ட ஒரு சல்லி வாங்குனதில்ல. இவனுக யாரு காசு கேக்கதுக்கு?" என்றார் நீதிபதியைப் பார்த்து.

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஒருவேளை நீங்க மறுத்திருந்தா? உங்களால மறுத்திருக்க முடியுமா?"

கிழவருக்கு மூக்கு விடைத்துவிட்டது. "ஏன் முடியாது? என் தோப்புல்லா அது? நான் போகாதலேன்னு சொன்னா அன்னைக்கே நின்னிருப்பான். என்ன மீறி ஒரு கட்டெறும்பு உள்ள வராது."

"நன்றி ஐயா, வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். விஸ்வநாதன் தன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். வெளியே வந்ததும் விஜயசங்கரைப் பிடித்தேன்.

"சார், அந்தக் கேள்வி எதுக்கு?"

"நமக்கு நல்லதுதான் அண்ணாச்சி. அனுமதி நிரூபணம் ஆயிட்டுல்லா? காசு கேக்க முடியாது" என்று அடுத்த கோர்ட்டுக்கு ஓடினார். நானும் சரிதான் என்று மனசை மூடிவைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். அன்றைக்குக் கடையில் எட்டு பிராது காத்துக் கிடந்தது.

இந்த வருஷம் ஆனி கடைசியில் தீர்ப்பு. வழக்கு தள்ளுபடி. பிரதிவாதி முந்தைய உரிமையாளரின் அனுமதியின் பேரில் இலவசமாகப் பயன்படுத்தி வந்திருப்பதால் கட்டணம் கேட்க வாதிக்கு உரிமை இல்லை, செலவுத் தொகையும் வாதியே தரவேண்டும். இசக்கிமணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வராந்தாவில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். விஸ்வநாதனுக்கும் கொடுத்தான். அவர் வாங்கி, பாதியைப் பிட்டுத் தின்றுவிட்டு, "வாழ்த்துகள்" என்றார். அப்பீல் போடுவீர்களா என்று கேட்டேன். "எதுக்கு சார்? நல்ல தீர்ப்பு" என்றார். நகல் பிரிவுக்கு நான் போனபோது அவர்கள் மனு எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தது. ஜெயித்தவன் நகல் வாங்கி வீட்டில் வைப்பான். அப்பீல் வேண்டாம் என்கிற தோற்றவனுக்கு எதற்கு நகல்?

ஆடி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை எனக்கு நகல் கிடைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அதை ஒரு நல்ல உறையில் போட்டு, அவர்களிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று காலையிலேயே பஸ் ஏறினேன். இரவெல்லாம் மலையில் இருட்டிக்கொண்டு பெய்திருந்தது. ஐந்தருவியில் குளிக்கத் தடை. ரோட்டில் கூட்டம் நனைந்துகொண்டு நின்றது. ஓடைக்கரைப் பாதை வழியாக நடந்தேன். தண்ணீர் ஏறி, செருப்பைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டு வாசலில் மூன்று அண்டா, சாம்பார் சாதம், தயிர் சாதம், பாயசம். ராஜபாளையத்துக் கூட்டம், நூற்றிருபது பேர், மெயின் அருவிப் பக்கத்து லாட்ஜில் பதினொரு மணிக்குச் சாப்பாடு. அண்டாக்களுக்குப் பக்கத்தில் வேன். வேனுக்கு முன்னால், தடத்துக்குக் குறுக்கே, முள்கம்பி இழுத்து நட்ட கல்தூண்களுக்கு நடுவில் பெரிய இரும்புக் கதவு. கதவு பூட்டியிருந்தது. காவலாளி நல்லக்கண்ணு ஸ்டூலில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். விஸ்வநாதன் மழைக்கோட்டுப் போட்டு நின்றார்.

"ராத்திரியோட ராத்திரியா மாட்டிருக்காக அண்ணே. ஜெயிச்சது நாமதான? தீர்ப்பக் காட்டுங்க இவுகளுக்கு" என்றாள் ஆனந்தவள்ளி.

நான் உறையை எடுக்குமுன் விஸ்வநாதன் தன் பையிலிருந்து அதே தீர்ப்பை எடுத்தார். மஞ்சள் மையால் ஒரு இடத்தில் கோடு போட்டிருந்தது.

"காசு நாங்க கேட்கலைம்மா. கோர்ட்டு கேட்கக்கூடாதுன்னுட்டாங்க, கேட்க மாட்டோம். ஆனா நீங்க அனுமதியின் பேரில் மட்டுமே போய்வந்தீங்கன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. உங்க வீட்டுக்காரரும் கூண்டுல சொல்லியிருக்காரு. அனுமதி கொடுத்தவரு வித்துட்டாரு. இப்ப கொடுக்க வேண்டியது நாங்க."

அவசரமாக விஜயசங்கருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "தனியா ஒரு கேஸ் போட்டுப் பாக்கலாம் அண்ணாச்சி. ஆனா நம்ம பதிலுரையே நமக்கு எதிரா நிக்குமே" என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளிச்சமாயிற்று. யாரையும் கேட்காமல், என் வழி என்று இருபது வருஷம் நடந்தவனுக்குச் சட்டம் அதை உரிமை என்கிறது. கேட்டுக் கேட்டு நடந்தவனுக்கு நூறு வருஷம் ஆனாலும் அது தயவுதான், எந்த நாளும் நிறுத்தலாம். காசுக்காக அவர்கள் கேஸ் போடவே இல்லை. எங்கள் வாயால் அந்த ஒரு வரியை வாங்கத்தான் போட்டிருக்கிறார்கள்.

"மட்டுமேன்னு யாரு எழுதச் சொன்னா?" என்றாள் ஆனந்தவள்ளி. அவள் விஸ்வநாதனைக் கேட்கவில்லை.

"நான்தான் தாயி எழுதுனேன். வக்கீலுக்கும் நான்தான் சொன்னேன்" என்றேன். சாகலாம் போல இருந்தது.

விஸ்வநாதன் நல்லக்கண்ணுவிடமிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் வாங்கி நீட்டினார். "உங்க பொழைப்பக் கெடுக்கிற எண்ணம் எங்களுக்கு இல்லைம்மா. இதுல ஒரு கையெழுத்து. கம்பெனி அனுமதியின் பேரில் இன்று ஒரு நாள் வாகனம் செல்கிறதுன்னு. நடந்து போனாலும் அதேதான். இப்பவே திறந்து விடுறேன்."

இசக்கிமணியின் கை பேனாவுக்குப் போனது. ஆனந்தவள்ளி அதைத் தட்டிவிட்டாள். பேனா சேற்றில் விழுந்தது.

"போதும். கேட்டது போதும். ஒவ்வொரு கையெழுத்தும் அவுக பெட்டிக்குள்ள போயி உக்காந்துகிட்டு, நாளைக்கு நமக்கு எதிரா எந்திரிச்சு நிக்கும். ஓடைக்கரை நம்ம பத்திரத்துல இருக்கு. அண்டாவப் பிடிங்க."

"தண்ணி ஏறிக்கிட்டு இருக்குட்டி."

"அதுக்குத்தான் சீக்கிரம் பிடிங்கங்கேன்."

வளையத்தில் கம்பைச் செருகி, சாம்பார் சாத அண்டாவைப் புருஷனும் பெண்டாட்டியும் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதை ரோட்டில் ஏறுகிற பாலத்தில் இறக்கிவிட்டு வந்தார்கள். அடுத்தது தயிர் சாதம். இசக்கிமணி தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "இந்தக் கம்பை நீங்க பிடிங்க அண்ணே" என்றாள் அவள் என்னைப் பார்க்காமல். அறுபத்தொரு வயதில் நான் பேனா மூடியைத் தவிர வேறு கனம் தூக்கியதில்லை. தூக்கினேன். முழங்காலுக்குத் தண்ணீர். பாதைக் கல் ஒவ்வொன்றையும் கால்விரலால் தடவித் தடவித்தான் வைக்க வேண்டியிருந்தது. கம்பு தோளை அறுத்தது. வலித்தது நல்லது என்றே இருந்தது எனக்கு.

பாலத்தில் ஏறி அண்டாவை இறக்கும்போது அருவிப்பக்கம் சங்கு ஊதினது. தண்ணீர் கூடினால் ஊதுகிற சங்கு. திரும்பிப் பார்த்தால் ஒற்றையடிப் பாதையைக் காணவில்லை. செந்நிறமாக ஓடைதான் கரை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்தப்பக்கம் பாயச அண்டாவும் இசக்கிமணியும்.

"அங்கனயே நில்லுங்க! பாயசம் போனாப் போவுது!" என்று கத்தினாள். மேலே ஐந்தருவி இரைகிற இரைச்சலில் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. இசக்கிமணி தண்ணீரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், இரண்டு கையையும் ஆட்டி என்னவோ ஜாடை காட்டினான். பிறகு திரும்பி நடந்தான்.

தோப்பு இருந்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. வெட்டவெளியாக இருந்ததால் எல்லாம் தெரிந்தது. விஸ்வநாதன் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தார். நல்லக்கண்ணு நோட்டை விரித்துக் கொடுத்து, அதை வைத்து எழுதத் தன் முதுகைக் குனித்து நின்றார். இசக்கிமணி துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

"போடாதீங்க! ஏங்க, போடாதீங்க!" பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆனந்தவள்ளி அலறினாள். நானும் அலறினேன். அவன் குனிந்து, நிதானமாக, கோர்ட்டில் போட்ட மாதிரியே முழுப் பேரையும் எழுதினான்.

கதவு திறந்தது. வேன் ரோட்டைச் சுற்றி ஹாரன் அடித்துக்கொண்டு பாலத்துக்கு வந்து நின்றது. இசக்கிமணி முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினான். அவன் பெண்டாட்டி தரையில் உட்கார்ந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை.

"பயந்துட்டியாட்டி? பாயசத்தையும் ஏத்திட்டேன். நல்ல மனுசன், ஒரு பைசா கேக்கல. தெனமும் காலையில ஒரு வார்த்த கேட்டு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமாம், தொறந்து விட்டுருதேன்னுட்டாரு."